இருபது நாள் தெளிவு

பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு முதல் தடவை போனபோது அகுஸ்தேன் அதிகாரியின் மேசைமேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். தொப்பி உருண்டு கீழே விழுந்தது. அந்தப் பிரெஞ்சுக்கார அதிகாரி ஓர் இளைஞன். கோபப்படவில்லை. மைப்புட்டியை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற மூத்த மகள் ஜெர்மேனைப் பார்த்துச் சொன்னான்.

"மாத்மொசேல், ஒரு பிறப்பை எட்டு வருஷம் கழித்துப் பதிகிறோம். தகப்பனாரே தன் வாயால் சொல்ல வேண்டும். எழுதியதைப் படித்துப் பார்த்துத் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் வேண்டும். மே பத்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் பட்டியலை மூடிவிடுவோம். அதற்குள் இவரைத் தெளிந்த நிலையில் அழைத்து வாருங்கள்."

அன்றைக்கு ஏப்ரல் இருபது, 1955. ஜெர்மேனுக்குப் பதினேழு வயது. கையில் இருபது நாள் இருந்தது.

பதிய வேண்டிய பிறப்பு அவள் தங்கை ஜிசேலுடையது. எட்டு வயதாகியும் சைகோன் நகரத்தின் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளை. பிறந்தபோது அகுஸ்தேன் பதியப் போகவில்லை. பிறப்புச் சீட்டு இல்லாததால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஜெர்மேனே தூக்கிக்கொண்டு போய் மாதாகோயிலில் வாங்கிவந்த ஞானஸ்நானச் சீட்டு அலுவலகத்தில் செல்லாது. இப்போது பிரெஞ்சுக்காரர்கள் நாட்டைவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சுங்க இலாகாவில் இருபத்திரண்டு வருஷம் காவலராக இருந்த அகுஸ்தேனுக்கும் குடும்பத்துக்கும் பிரான்சின் மர்செய் துறைமுகத்துக்குப் போகிற கப்பலில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். தலைக்கு ஒரு பிறப்புச் சீட்டு காட்ட வேண்டும். ஜிசேலிடம் காட்ட ஒன்றுமில்லை.

"அவள கன்னியாஸ்திரீங்க மடத்துல உட்டுட்டுப் போவோம். அங்க போயி எழுதி வரவழச்சிக்கலாம்" என்றாள் அம்மா மார்கரித். சமையற்கட்டில் சுவரோரம் உட்கார்ந்து, பீங்கான் கோப்பையிலிருந்து ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

யார் எழுதுவது, யார் வரவழைப்பது என்று ஜெர்மேன் கேட்கவில்லை. அரிசி வாங்கி வருவதே யார் என்று தெரியாத வீடு அது.

அந்த வீட்டுக்குள் குடி ஒரு கௌரவமாகத்தான் நுழைந்தது. அகுஸ்தேனின் தகப்பனார் காரைக்காலில் சாதி வழக்கங்களைத் துறப்பதாக எழுதிக் கொடுத்து, பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிளாஸ் என்கிற வழக்கத்தை அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார். மகன் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான். "பானைத் தண்ணிய மோந்து குடிக்கிறவன் ஊர்க்காரன். மேசையில கிளாஸ் வச்சிக் குடிக்கிறவன்தான் சித்துவாயேன்" என்பார் அகுஸ்தேன். சித்துவாயேன் என்றால் பிரெஞ்சுப் பிரஜை. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிரும்.

மார்கரித் பத்தொன்பது வயதில் கலியாணமாகிக் கப்பலேறி வந்தவள். முதல் கிறிஸ்மஸுக்கு மேலதிகாரி வீட்டு விருந்தில் கிளாசைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அகுஸ்தேன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். "குடி. மானத்த வாங்காத." குடித்தாள். அதற்கப்புறம் யாரும் மிதிக்க வேண்டியிருக்கவில்லை.

யுத்தத்தில் கப்பல் வராமல் வைன் நின்றுபோனபோது அரிசிச் சாராயம் வந்தது. உயரமான புல்லுக்குள் ஒளித்துக் காய்ச்சுவார்கள். அந்தப் புல்லின் பேரைச் சேர்த்தே அதை ரூவோ தே என்பார்கள். திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவர்களைப் பிடிப்பதுதான் அகுஸ்தேனின் உத்தியோகம். பானைகளை உடைத்துவிட்டு, சாட்சிக்கென்று நாலு புட்டி எடுத்து வருவார். இரண்டு அலுவலகத்துக்குப் போகும். இரண்டு வீட்டுக்கு வரும்.

நாற்பத்தைந்தாம் வருஷம் வானத்திலிருந்து குண்டு விழுந்த நாட்களில் ஜெர்மேனுக்கு ஏழு வயது. சங்கு ஊதினால் தெருவே பதுங்குகுழிக்குள் இறங்கும். அவள் முதலில் அம்மாவின் காலைப் பிடித்து இழுப்பாள், பிறகு அப்பாவின் காலை. இருவரும் அசைய மாட்டார்கள். கடைசியில் அவளும் கட்டிலுக்கடியில் புகுந்து கண்ணை மூடிக்கொள்வாள். செத்தால் மூன்று பேரும்தானே சாவோம் என்று ஒரு ஆறுதல்.

ஜிசேல் பிறந்த பிறகு அந்த ஆறுதலும் போயிற்று. பிள்ளை பாலுக்கு அழுதால் மார்கரித்துக்குக் கேட்காது. ஒன்பது வயது ஜெர்மேன் கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுப்பாள். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தபோது அதே துணி அம்மாவின் கோப்பையில் நனைந்து பிள்ளையின் வாயில் இருந்தது. "தூங்கட்டுமேன்னுதான்" என்றாள் மார்கரித். பிள்ளை மறுநாள் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. ஜெர்மேன் அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். ஏன் வரவில்லை என்று கேட்டு அந்த வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

தெருவில் அகுஸ்தேன் தள்ளாடி வந்தால் வியட்நாமியப் பிள்ளைகள் "பை சா, பை சா" என்று கத்திக்கொண்டு பின்னால் வரும். அந்த ஊரில் இந்தியர்களுக்கெல்லாம் அந்தப் பேர்தான். அவரைப் போலவே தள்ளாடி நடந்து காட்டும். ஒருநாள் அந்த வரிசையின் கடைசியில் ஜிசேலும் நடந்து வந்தாள். மற்ற எல்லாரையும்விட அவள்தான் சரியாக நடந்தாள்.

சாட்சிகளுக்குக் கஷ்டமிருக்கவில்லை. ஜிசேலின் பிரசவத்துக்குக் கை கொடுத்தவள் ஜெய்த்தூன் பீவி. அவளும் காரைக்கால்காரி, சந்தைக்குப் பின்னால் மசாலாத்தூள் விற்பவள்.

"வாரேன் புள்ள. எங் கையில வுழுந்த புள்ளைக்கி நான் சொல்லாம யாரு சொல்லுவா? ஆனா ஒங்கொப்பன எப்படி நிறுத்தப் போற? அவன் தெளியிறதே அடுத்த புட்டியத் தேடுறதுக்குத்தானே."

இன்னொரு சாட்சி பால்காரர் சதாசிவம். மாடு வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பால் ஊற்றுகிறவர்.

ஜெர்மேனிடம் ஒரு வழி இருந்தது. இலாகாவை வியட்நாமியரிடம் ஒப்படைத்தபோது அகுஸ்தேன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பொருள், சாராயத்தின் கடுமையை அளக்கும் கண்ணாடிக் குழல். கடுஞ்சாராயத்தில் கழுத்துவரை முங்கும். தண்ணீர் சேரச் சேர மேலே எழும்பும். தண்டிலிருக்கும் கோட்டைப் பார்த்தால் எத்தனை டிகிரி என்று தெரியும். பத்து வயதிலிருந்து கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கிழவியிடம் புட்டி வாங்கி வருகிறவள் அவள்தான். தண்ணீர் கலந்திருந்தால் அடி அவளுக்கு விழும். அதனால் குழல் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே கோட்டைப் படிக்கத் தானே பழகியிருந்தாள்.

கிழவியின் சாராயம் நாற்பத்து நாலு டிகிரி. முதல் நாள் நாற்பத்து மூன்றாக்கி ஊற்றினாள். மறுநாள் நாற்பத்திரண்டு. தினம் ஒரு டிகிரி. அதோடு, ஒரு புட்டியில் ஊற்றும் அளவையும் விரல் விரலாகக் குறைத்தாள். இருபதாம் நாள் ஏறக்குறைய பாதி கடுமை, பாதி அளவு என்று கணக்கு. நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட அது போதும். காரம் குறைவது தெரியாமலிருக்கப் பச்சைமிளகாயைக் கீறி ஊறவைத்து வடிகட்டிச் சேர்த்தாள். தொண்டை எரிந்ததும் அகுஸ்தேன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "வலா! கெழவிக்குக் கை பக்குவம் வந்துட்டுது."

சதாசிவத்திடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "முப்பது வருஷமா பால் ஊத்தறேன். ஊரே என்னத் தண்ணிக்காரன்னு சொல்லுது. நீ என்னையே தோக்கடிச்சிட்ட, பாப்பா."

நாலாம் நாள் மார்கரித் கண்டுபிடித்தாள். சமையற்கட்டு வாசலில் நின்று மிளகாயையும் கண்ணாடிக் குழலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோப்பையை நீட்டினாள்.

"எனக்குக் கலக்காததுலேர்ந்து ஊத்து."

"மம்மா, ஜிசேலுக்காகத்தான் இது. ஒரு பதினாறு நாள்."

"ஒங்க பப்பாகிட்ட நான் வாயத் தொறக்க மாட்டேன். ஊத்து."

ஜெர்மேன் ஊற்றினாள். அப்பாவிடமிருந்து எடுத்ததெல்லாம் அம்மாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை அவள் பார்க்காமலில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பேரைக் காப்பாற்ற வழியில்லை என்று விட்டுவிட்டாள். உண்மையில் அப்பா, அம்மா இருவரில் ஒருவரையும் காப்பாற்றுவது அவள் கணக்கிலேயே இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி நகரத்துக்குள்ளேயே சண்டை மூண்டது. ஒரு பக்கம் அரசாங்கப் படை, மறுபக்கம் கால்வாய்ப் பகுதியைக் கையில் வைத்திருந்த ஆயுதக் கும்பல். பீரங்கி அடித்தார்கள். குடிசைகள் தெருத்தெருவாக எரிந்தன. சாம்பல் வந்து வாசலில் விழுந்தது. கடைகள் மூடிக் கிடந்ததால் அகுஸ்தேனுக்கு மகள் ஊற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஊர் எரிவது தனக்கு வசதியாக இருப்பதை நினைத்து ஜெர்மேன் கூசினாள். கூசிக்கொண்டே அன்றைக்கும் ஒரு டிகிரி குறைத்தாள்.

சண்டை ஓய்ந்ததும் அவர் தானே கடை தேடிப் போய்விடக் கூடாது. சப்பாத்தையும் தொப்பியையும் எடுத்துப்போய் ஜெய்த்தூன் பீவியின் கடையில் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். பூட்டு தேவைப்படவில்லை. கைலியோடு வெறுங்காலில் தெருவில் இறங்குவது ஊர்க்காரர்கள் செய்வது. "எஞ் சப்பாத்து எங்கடி?" என்று கத்திக்கொண்டு அகுஸ்தேன் வாசற்படிவரை வருவார். தன் வெறுங்காலைப் பார்ப்பார். தெருவைப் பார்ப்பார். திரும்பி உள்ளே போய்விடுவார்.

மே ஏழாம் தேதி இருபத்தேழு டிகிரிக்கு வந்தாயிற்று. அன்று காலையில் அரிசிப் பானைக்குள் கையை விட்டபோது, கடைசி மூன்று நாளைக்கென்று ஒளித்து வைத்திருந்த இரண்டு புட்டியும் காலியாக இருந்தன. மார்கரித் பானைக்குப் பக்கத்திலேயே வாயைத் திறந்தபடி கிடந்தாள். கால்வாய்க் கிழவியின் குடிசை எரிந்து தரையோடு போயிருந்தது.

வேறு இடம் தேடியிருக்கலாம். ஜெர்மேன் தேடவில்லை. மூன்று நாள் சுத்தமாக ஒன்றுமே இல்லாமல் போனால் இன்னும் நன்றாகத் தெளிந்துவிடுவார் என்று நினைத்தாள். வெறும் தண்ணீரில் மிளகாயைக் கரைத்துக் கொடுத்தாள். அவள் செய்த தப்பு அதுதான். குடித்த அகுஸ்தேனை அவள் நடையை வைத்து, இருமலை வைத்து, சாவித் துவாரத்தில் சாவி உரசும் சத்தத்தை வைத்து அளந்து சொல்லிவிடுவாள். குடிக்காத அகுஸ்தேனை அவள் பிறந்ததிலிருந்து ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

முதல் நாள் வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் தம்ளர் பல்லில் அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் சுவர் முழுக்க எறும்பு என்று கைலியை அவிழ்த்துத் துடைக்க ஆரம்பித்தார். "ஒடைடா, அந்தப் பானைய ஒடைடா" என்று வெறும் மூலையைப் பார்த்துக் கத்தினார்.

ஜிசேல் கதவிடுக்கில் நின்று கேட்டாள். "பப்பா யாரோட பேசுறாங்க?"

"எறும்போட."

"அது என்ன சொல்லுதாம்?"

"நாளைக்கு ஒழுங்கா வரச் சொல்லுது."

மே பத்தாம் தேதி காலையில் சதாசிவமும் அவளும் இரு பக்கமும் பிடித்து அவரைச் சிக்லோ என்கிற மிதி ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். சப்பாத்தை மாட்டிவிட்டது ஜெய்த்தூன் பீவி. "கால நீட்டுங்க மிசே. குதிரைக்கி லாடங்கூட இதவிட சொகமா அடிச்சிருவாங்க போல."

அதிகாரி குனிந்து மோந்து பார்த்தான். வாடை இல்லை. திருப்தியோடு பேனாவை நீட்டினான். பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தான். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை காகிதத்தில் ஒரு நீண்ட கீறல் விழுந்து மை தெறித்தது. அகுஸ்தேன் மேசைமேல் ஊர்ந்த எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். அவர் தாடை நடுங்குகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"போன தடவையைவிட மோசமாக இருக்கிறாரே, மாத்மொசேல்."

"இவர் குடிக்கவில்லை. நீங்களே பார்த்தீர்கள்."

"பார்த்தேன். நோயாளி என்றால் மருத்துவரின் சான்று வேண்டும். அது கிடைக்க இரண்டு நாளாகும்." கடிகாரத்தைப் பார்த்தான். பத்தே முக்கால். "பன்னிரண்டு மணிவரை நான் இங்கேதான் இருப்பேன்."

நடைபாதை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஜிசேல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஜெர்மேனின் பழைய கவுனைச் சுருக்கித் தைத்து மாட்டியிருந்தது. ஜெர்மேனுக்கு ஒன்றும் ஓடவில்லை. இருபது நாளாகத் தன் கையாலேயே ஊற்றி ஊற்றி இந்த இடத்துக்குக் கொண்டு வந்திருக்கிறோம் என்பது மட்டும் புரிந்தது.

ஜெய்த்தூன் பீவி அவளைத் தோளில் தட்டினாள். "ஏ புள்ள, போயி வாங்கிட்டு வா."

"என்ன மாமி?"

"எதக் குடிச்சா அந்தக் கை நிக்குமோ அத."

சாராயம் என்ற பேச்சு வந்தாலே எச்சிலைக் காறித் துப்புகிறவள் அவள். ஜெர்மேன் அவள் முகத்தையே பார்த்தாள்.

"என்னா பாக்குற? பாவம் எந் தலையில வுழட்டும். ஓடு."

"தண்ணி கலக்காததாப் பாத்து வாங்கு" என்றார் சதாசிவம். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு தள்ளுவண்டியில் கிடைத்தது. ஓடி வந்தாள். முதல் கிளாசில் பாதி அவர் சட்டைமேல் கொட்டியது. அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு மீதியை உள்ளே ஊற்றினாள். இரண்டாவதை அவரே இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். வழியில் போன வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மகள் தகப்பனுக்குப் பட்டப்பகலில் ஊற்றிக் கொடுப்பதை அவள் அதுவரை பார்த்திருக்க மாட்டாள்.

கால் மணி நேரம் போயிற்று. அகுஸ்தேனின் முகத்தில் ரத்தம் வந்தது. விரல்களை விரித்துப் பார்த்தார். மீசையைத் துடைத்து, தொப்பியைச் சரிசெய்து, சுற்றிலும் பார்த்தார். "அலோர். அப்ப, எங்க அந்தப் பொடியன்?"

உள்ளே போனதும் அதிகாரிக்கு வாடை அடித்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தான். தெளிந்த நிலையில் என்று சொன்னவன் அவன்தான். ஜெர்மேனின் முகத்தைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு ஜிசேலைப் பார்த்தான். கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது. ஜன்னலை எழுந்துபோய்த் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"படியுங்கள், மிசே."

அகுஸ்தேன் எழுந்து நின்று, அணிவகுப்பில் படிப்பதுபோலப் படித்தார். ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. பிறந்த தேதிக்கு விட்டிருந்த வெற்றிடத்துக்கு வந்ததும் நின்றார். ஜெர்மேன் தயாராக இருந்தாள். தேதியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளங்கையில் வைத்திருந்தாள். அதை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு, மார்ச் பதினொன்று. செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணி" என்றார். "அன்று விடியும்முன் ஆற்றங்கரையில் அறுபத்துமூன்று பானை உடைத்தோம். வீட்டுக்கு வந்தேன். பெண் பிறந்திருந்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். நான்தான் முதலில் பார்த்தேன்."

ஜெய்த்தூன் பீவி மெதுவாகத் தலையாட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது.

"இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். அப்போதே ஏன் வந்து பதியவில்லை?"

அகுஸ்தேன் தோளைக் குலுக்கினார். "போகவில்லை, மிசே."

அவ்வளவுதான். ஜெர்மேன் உள்ளங்கையிலிருந்த காகிதத்தைக் கசக்கினாள். மறந்துவிட்டார் என்றுதான் எட்டு வருஷமாக நினைத்திருந்தாள். குடி அவருடைய ஞாபகத்தைத் தின்றுவிட்டது, அவர் என்ன செய்வார் என்று பல இரவுகள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தின்னவில்லை. கிழமை, மணி, மச்சம் உட்பட எல்லாம் பத்திரமாக உள்ளே இருந்தது. அலுவலகம் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை.

கையெழுத்துப் போட்டார். பீவி கைநாட்டு வைத்தாள். சதாசிவம் தமிழில் எழுதினார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதிகாரி முத்திரையைக் குத்திச் சீட்டை நீட்டினான். ஜெர்மேன் வாங்கி மை காயும்வரை ஊதினாள்.

அகுஸ்தேன் பெஞ்சில் மிச்சமிருந்த புட்டியை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தெரு இறங்கிப் போய்விட்டார். காலில் சப்பாத்து இருந்தது. அவரைக் கூப்பிடப் போன சதாசிவத்தை ஜெர்மேன் வேண்டாமென்று தடுத்தாள்.

கப்பல் ஒன்பது நாள் கழித்து. இருபது நாள் இழந்ததை அந்த ஒன்பது நாளில் குடித்துத் தீர்த்தார். மார்கரித் துணையிருந்தாள். கிளம்ப வேண்டிய காலையில் அவர் தரையில் குப்புறக் கிடந்தார். மார்கரித் சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தாள்.

"நீங்க முன்ன போங்க. நான் இவர எழுப்பிக் கூட்டியாறேன்."

ஜெர்மேன் இருவரையும் பார்த்தாள். இரண்டு கிளாஸ் போதும். இப்போது அவளுக்கு அது தெரியும். இரண்டு கிளாஸ் ஊற்றி, கால் மணி நேரம் காத்திருந்தால், தொப்பி வைத்துக்கொண்டு கப்பல்வரை நிமிர்ந்து நடந்து வருவார். பின்னாலேயே அம்மாவும் வருவாள். பாதிக்கு மேல் நிறைந்த புட்டி மேசைமேல்தான் இருந்தது. நேரமும் இருந்தது.

அவள் ஜிசேலைத் திருப்பி நிறுத்தித் தலை வாரினாள். இரட்டைப் பின்னல். அவசரப்படாமல் வாரினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அகுஸ்தேன் இறந்துபோனதை, ஜெய்த்தூன் பீவி யாரையோ பிடித்து எழுதவைத்த கடிதத்தில்தான் பிறகு அறிந்தாள். அம்மாவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவளும் கேட்டு எழுதவில்லை.

கப்பல்துறையில் ஏணிக்குப் பக்கத்தில் ஒருவர் பட்டியலோடு நின்றார். "நான்கு பேர் என்று இருக்கிறதே?"

"பின்னால் வருகிறார்கள்" என்றாள் ஜெர்மேன். பிரெஞ்சில், நிதானமாக.

அவர் ஜிசேலின் சீட்டைப் பிரித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, பேரை உரக்கப் படித்தார். ஜிசேல் திருதிருவென்று விழித்தாள். அவள் பேரை ஒரு காகிதத்திலிருந்து யாரும் இதுவரை படித்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அக்காளின் கையை இறுக்கினாள்.

"ப்ரெசான் சொல்லு" என்று ஜெர்மேன் காதில் சொன்னாள். "இருக்கேன்னு அர்த்தம்."

"ப்ரெசான்!" என்று ஜிசேல் கத்தினாள். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெர்மேன் அவள் முதுகில் கைவைத்து ஏணியில் ஏற்றினாள்.